யோர்னின் இடது முழங்கால்

ஹெர்ஸ்கம்ப் ஊரில் போய் அன்ஸ்கர் போல்காம்ப் யார் என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "யோர்னோட ஆடினவன்." பதினான்கு வருடம் அந்த ஊர்க் கிளப்பின் சட்டையைப் போட்டவன், இரண்டாம் டிவிஷனில் முந்நூற்று நாற்பத்தொரு ஆட்டம் ஆடியவன், மூக்கு இரண்டு முறை உடைந்தவன். அவனைச் சொல்வதற்கு ஊருக்கு இன்னொருத்தன் பெயர் தேவைப்பட்டது. அன்ஸ்கருக்கு அது தெரியும். தெரியாதது போல் இருக்கத்தான் அவன் கடைசி வரை பழகவில்லை.

அன்ஸ்கரும் யோர்ன் காட்விங்கலும் ஒரே வருடம், 1971-இல், அடுத்தடுத்த தெருவில் பிறந்தவர்கள். இருவரின் அப்பாக்களும் ஒரே நிலக்கரிச் சுரங்கத்தில் ஒரே ஷிப்டில் இறங்கியவர்கள். அன்ஸ்கரின் அம்மா வால்ட்ரௌட் டிராம் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு பெட்டிக்கடை வைத்திருந்தாள். பீர், சிகரெட், செய்தித்தாள், புளிப்பு மிட்டாய். கிளப்பின் பயிற்சி மைதானத்தில் அப்போது புல் கிடையாது. சுரங்கக் கசடை அரைத்துக் கொட்டிய செந்தரை. விழுந்தால் முட்டித் தோலுக்குள் துகள் ஏறிக்கொள்ளும், ஒரு வாரம் போகாது. அதில்தான் இருவரும் ஆடிப் பழகினார்கள்.

அன்ஸ்கர் நடுக்களத்தில் பின்னால் நிற்பவன், ஆறாம் எண். எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பிடுங்குவது அவன் வேலை. பிடுங்கியதை யோர்னிடம் தள்ளிவிடுவது அதற்கடுத்த வேலை. யோர்ன் பத்தாம் எண். பந்து அவன் காலுக்கு வந்ததும் வேலிக்கு வெளியே பீர் குடித்துக்கொண்டிருப்பவர்கள்கூடப் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பார்கள். அன்ஸ்கர் பந்தைப் பிடுங்கும்போது எவனும் பாட்டிலைக் கீழே வைத்ததில்லை.

பத்தொன்பது வயதில் ஒரு சனிக்கிழமை, வடக்குக் கடற்கரை நகரத்தின் பெரிய கிளப்பிலிருந்து ஆள் தேட ஒருவர் வந்தார். பழுப்புக் கோட்டு, கையில் சின்ன நோட்டு. கோச் ஷ்லீப்பர் ஆட்டத்துக்கு முன் அன்ஸ்கரைத் தனியே கூப்பிட்டார். அவர் அதிகம் பேசாதவர், பேசினால் தரையைப் பார்த்துப் பேசுவார்.

"அந்த ஆள் உன்னப் பாக்கத்தான் வந்திருக்கான். ஆறாம் நம்பர் வேணுமாம். நான்தான் கடுதாசி போட்டேன். யார்கிட்டயும் சொல்லாத."

அன்ஸ்கர் அன்று இரண்டு ஆள் வேலை பார்த்தான். எழுபதாவது நிமிடத்தில் பந்தைப் பிடுங்கி நிமிர்ந்தால் எதிரே யாருமில்லை. கோலுக்கு இருபது மீட்டர். அடிக்கலாம். அடி என்று வேலிப் பக்கமிருந்து யாரோ கத்தியதும் கேட்டது. ஆனால் எட்டு வயதிலிருந்து பழகிய கால் அது. தலை முடிவு செய்வதற்குள் பந்து யோர்னிடம் போய்விட்டது. யோர்ன் ஒரே தட்டில் கோல்காப்பாளரின் தலைக்கு மேல் தூக்கிப் போட்டான். மைதானமே எழுந்தது.

ஆட்டம் முடிந்து பழுப்புக் கோட்டுக்காரர் வந்து யோர்னின் தோளில் கை வைத்துப் பேசினார். அரை மணி நேரம் பேசினார். ஆறாம் எண் தேடி வந்தவர் பத்தாம் எண்ணோடு ஊர் திரும்பினார்.

ஷ்லீப்பர் உடைமாற்றும் அறையில் அன்ஸ்கர் பக்கத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்தார். "அடிச்சிருக்கலாம்ல," என்றார். அவ்வளவுதான்.

ஊரைவிட்டுப் போகுமுன் யோர்ன் பெட்டிக்கடைக்கு வந்தான். வால்ட்ரௌட் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அங்க மீனத்தான் போடுவானுங்க, ஒழுங்கா சாப்பிடு," என்றாள். யோர்ன் அன்ஸ்கரின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அந்த பாஸ் இல்லேன்னா நான் இல்லடா."

"தெரியும்," என்றான் அன்ஸ்கர். யோர்ன் சிரித்தான். அன்ஸ்கர் சிரிக்கவில்லை என்பது அவன் கண்ணில் படவில்லை.

அதன் பிறகு வருடங்கள் ஒன்றுபோல ஓடின. ஹெர்ஸ்கம்ப் கிளப் இரண்டாம் டிவிஷனுக்கு ஏறியது, அன்ஸ்கரும் அதோடு ஏறினான். வண்டி ஓடியது, வீடு இருந்தது, சம்பளம் வந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் திங்கட்கிழமை என்று ஒரு நாள் இருந்தது. திங்கட்கிழமை விளையாட்டுப் பத்திரிகை ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் பள்ளிக்கூடம் போல மதிப்பெண் போடும். ஒன்று என்றால் பிரமாதம், ஆறு என்றால் வீட்டுக்குப் போகலாம். அன்ஸ்கருக்கு எப்போதும் மூன்று. மழையில் ஆடினாலும் மூன்று, காய்ச்சலோடு ஆடினாலும் மூன்று. அவன் முதலில் தன் எண்ணைப் பார்ப்பதில்லை. முதல் டிவிஷன் பக்கத்தைத் திருப்பி யோர்னுக்கு என்ன என்று பார்ப்பான். இரண்டு என்றிருந்தால் காபி கசக்கும். நான்கு என்றிருந்தால் இன்னொரு ரொட்டி எடுத்து வெண்ணெய் தடவுவான்.

அவன் மனைவி கெஸீனா டிராம் ஓட்டுபவள். நாள் முழுக்கக் கண்ணாடியில் ஆட்களின் முகத்தைப் பார்த்துப் பழகியவள். கல்யாணமான முதல் வருடமே கண்டுபிடித்துவிட்டாள்.

"இன்னைக்கு யோர்ன் மோசமா ஆடிருக்கான்போல."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மூணாவது ரொட்டி சாப்பிடறியே."

அவன் பத்திரிகையை மடித்து வைத்தான். "எனக்கென்ன வந்தது. அவன் ஆட்டம் அவனுக்கு."

"ஆமா," என்றாள் கெஸீனா. "வெண்ணெய இப்படித் தள்ளு."

வீட்டில்கூடப் பரவாயில்லை. அம்மாவின் கடைதான் அவனுக்குத் தாங்கவில்லை. யோர்ன் தேசிய அணிக்காக இரண்டு ஆட்டம் ஆடிய வருடம் அவன் படம் போட்ட ஸ்டிக்கர் வந்தது. வால்ட்ரௌட் அதில் ஒன்றை எடுத்துக் கல்லாப்பெட்டியின் மேல் ஒட்டிவிட்டாள். அன்ஸ்கர் ஆடிய டிவிஷனுக்கு அந்த வருடம் யாரும் ஸ்டிக்கர் போடவில்லை.

"அம்மா, நானும் ஃபுட்பால்தான் ஆடறேன்."

"உன் படம் வீட்ல இருக்கே, சோபாவுக்கு மேல. இது கடை. வர்றவனுக்கு இவனத்தானே தெரியும்."

"அதத்தான் சொல்றேன்."

"என்னத்த சொல்றே? சின்ன வயசுல ஒரே தட்டுல சாப்பிட்டவனுங்க. அவன் நல்லாருந்தா உனக்கென்ன வலிக்குது?"

யோர்ன் கெட்டவனாக இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். தலைக்கனம் பிடித்து, ஊரை மறந்து, போனை எடுக்காமல் இருந்திருந்தால் நிம்மதியாக வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம். யோர்ன் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வால்ட்ரௌடுக்குப் புகைபோட்ட விலாங்கு மீன் அனுப்பினான். அன்ஸ்கரின் பிறந்தநாளை மறந்ததே இல்லை. அந்த நல்ல குணமும் சேர்ந்து உறுத்தியது.

1997 இலையுதிர் காலத்தில் கோப்பைப் போட்டியின் குலுக்கலில் ஹெர்ஸ்கம்ப்புக்கு எதிராக யோர்னின் கிளப் வந்தது. ஆட்டம் ஹெர்ஸ்கம்ப்பில். ஊர் ஒரு வாரம் தூங்கவில்லை. டிக்கெட் இரண்டு மணி நேரத்தில் தீர்ந்தது. கடைக்கு வந்தவர்களெல்லாம் அன்ஸ்கரிடம் கேட்டது ஒரே கேள்வி: "யோர்ன் வர்றானாமே?"

ஆட்டத்துக்கு முதல் நாள் மத்தியானம் யோர்ன் தன் அணியின் ஹோட்டலிலிருந்து நழுவி வந்தான். கடையின் பின்கட்டில், பீர்ப் பெட்டிகளுக்கு நடுவே, சின்ன வயதில் உட்கார்ந்த அதே மாதிரி இருவரும் உட்கார்ந்தார்கள். வால்ட்ரௌட் காபியும் பிளம்ஸ் கேக்கும் வைத்துவிட்டு முன்பக்கம் போனாள். யோர்ன் இடது காலை மடக்காமல் நீட்டி வைத்திருந்தான்.

"ஏன்டா கால அப்படி வெச்சிருக்கே?"

யோர்ன் கதவுப் பக்கம் பார்த்தான். "யார்கிட்டயும் சொல்லாத. முட்டி போச்சு. உள்ள மெத்தை மாதிரி ஒண்ணு இருக்கும்ல, அது தேஞ்சு போச்சுங்கறாங்க. ஆட்டத்துக்கு முன்னாடி ஊசி போட்டுத்தான் எறங்கறேன். இடது பக்கம் சட்டுன்னு திரும்பினா உயிர் போயிடுது."

"கோச்சுக்குத் தெரியுமா?"

"டாக்டருக்குத் தெரியும். வசந்தத்துல காண்ட்ராக்ட் முடியுது, அதுவரைக்கும் ஓட்டணும். எம் பொண்டாட்டிகிட்டகூடப் பாதிதான் சொல்லிருக்கேன். உன்கிட்ட ஏன் சொல்றேன்னு தெரியல. சொல்லணும்போல இருந்துச்சு."

அன்ஸ்கர் அந்த முட்டியைப் பார்த்தான். பாவம் என்றுதான் முதலில் தோன்றியது, அது பொய்யில்லை. ஆனால் யோர்ன் கேக்கைத் தின்று முடிப்பதற்குள் அதன் கீழே வேறொன்று அசைந்தது.

மறுநாள் காலை அணிக் கூட்டத்தில் ஷ்லீப்பர் பலகையில் வட்டங்கள் போட்டுக்கொண்டிருந்தார். இளையோர் அணிக்குக் கோச்சாக இருந்த அவரே இப்போது கிளப்பின் முதல் அணிக்கும் கோச். "காட்விங்கல எப்படி நிறுத்தறது? யாராவது சொல்லுங்க," என்றார். எல்லோரும் அன்ஸ்கரைப் பார்த்தார்கள்.

அன்ஸ்கருக்குப் பின்னாளில் அந்த நொடி துல்லியமாக நினைவிருந்தது. வாய் திறக்காமல் இருந்திருக்கலாம். ஒட்டி நின்று ஆடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம்.

"அவன இடது பக்கம் திரும்ப வைக்கணும்," என்றான். "வலது பக்கத்த அடைச்சிருவோம். இடது கால்ல ஊனித் திரும்ப அவனால முடியாது."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

ஷ்லீப்பர் எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. பலகையில் ஒரு கோடு போட்டார்.

அன்று அன்ஸ்கர் ஆடிய ஆட்டத்தை ஹெர்ஸ்கம்ப் இன்றும் பேசும். யோர்னுக்குப் பந்து வரும்போதெல்லாம் வலது பக்கத்தில் அவன் நின்றான். யோர்ன் தடுமாறினான், பந்தைப் பின்னால் தள்ளினான், இரண்டு முறை வேலிக்கு வெளியே அடித்தான். ஒருமுறை நேருக்கு நேர் நின்றபோது யோர்ன் அவன் முகத்தைப் பார்த்தான். ஏதோ கேட்பது போலிருந்தது. அன்ஸ்கர் பந்தை மட்டும் பார்த்தான்.

ஐம்பத்தெட்டாவது நிமிடம். பந்து யோர்னின் காலில். அன்ஸ்கர் வலது பக்கத்தை அடைத்தான். யோர்ன் இடது காலை ஊன்றித் திரும்பினான். இருவருக்கும் நடுவே ஒரு மீட்டர் இடைவெளி இருந்தது, யாரும் யாரையும் தொடவில்லை. ஈரமான மரக்கிளை முறிவது போல ஒரு சத்தம் கேட்டது. யோர்ன் உட்கார்ந்தான். கத்தவில்லை. கையால் முட்டியைப் பொத்திக்கொண்டு புல்லைப் பார்த்தபடி இருந்தான்.

அப்போது அன்ஸ்கருக்குள் என்ன நடந்தது என்பதை அவன் பல வருடம் யாரிடமும் சொல்லவில்லை. ஒரே ஒரு மூச்சு நேரம் இனித்தது. அவ்வளவுதான், ஒரு மூச்சு. அடுத்த மூச்சில் அவன்தான் முதலில் கையை உயர்த்தி டாக்டரைக் கூப்பிட்டான்.

ஹெர்ஸ்கம்ப் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தது. பத்திரிகை அன்ஸ்கருக்கு ஒன்று போட்டது. அவன் வாழ்க்கையில் வாங்கிய ஒரே ஒன்று. கெஸீனா அந்தப் பக்கத்தை மேசையில் விரித்து வைத்திருந்தாள். அவன் ரொட்டியைத் தொடவில்லை.

"சந்தோஷமா இல்லியா?"

"இருக்கு."

"முகத்துல காணோம்."

"டிராம் ஓட்டப் போ, லேட்டாகுது," என்றான்.

அவன் மருத்துவமனைக்குப் போகவில்லை. பயிற்சி இருக்கிறது, முதுகு வலிக்கிறது, ரயில் இல்லை என்று ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம். வால்ட்ரௌட்தான் கடையைப் பூட்டிவிட்டு, கேக்கை டப்பாவில் அடைத்து, மூன்று ரயில் மாறிப் போய் வந்தாள். என் மூக்கு உடைந்தபோது இவள் கடையைப் பூட்டவில்லையே என்று அன்ஸ்கருக்குத் தோன்றியது. இப்படித் தோன்றுகிறதே என்று தன் மேலேயே அருவருப்பு வந்தது. அருவருப்பு வந்தும் அந்த நினைப்பு போகவில்லை.

"உன்னத்தான் கேட்டான், முதுகு வலின்னேன்," என்றாள் வால்ட்ரௌட். "நல்லா ஆடினான்னு சொல்லச் சொன்னான்."

அந்த ஒரு வருடம் அன்ஸ்கர் மெலிந்தான். ஒருத்தன் பிழைப்பைக் கெடுத்துவிட்டோம் என்ற எண்ணம் குளிக்கும்போதும் கூடவே வந்தது. முதல் டிவிஷன் பக்கத்தைப் பார்ப்பதை விட்டான். அங்கே பார்க்க ஆளுமில்லை.

பதினோரு மாதம் கழித்து யோர்ன் ஆட்டத்துக்குத் திரும்பி வந்தான்; கிளப் அவன் காண்ட்ராக்டை நீட்டியிருந்தது. முன்னளவு வேகமில்லை, ஆனால் தலை வேலை செய்தது. ஓடாமலே பந்தை அனுப்பக் கற்றுக்கொண்டிருந்தான். முதல் ஆட்டத்திலேயே அவனுக்கு மதிப்பெண் இரண்டு. அன்ஸ்கர் அதைப் பார்த்துவிட்டுச் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஒரு மாதம் போயிருக்கும். யோர்னுக்கு மறுபடி இரண்டு வந்த திங்கட்கிழமை அவன் காபியைப் பாதியில் வைத்தான்.

"ஆரம்பிச்சாச்சா?" என்றாள் கெஸீனா.

"ஓடவே மாட்டேங்கறான், அதுக்கு ரெண்டாம். நான் பன்னெண்டு கிலோமீட்டர் ஓடறேன், எனக்கு மூணு."

"நல்லது. ஒரு வருஷமா வீட்ல யாரோ வேற ஆள் இருந்த மாதிரி இருந்துச்சு."

2004-இல் அன்ஸ்கர் ஆட்டத்தை முடித்துக்கொண்டான். கிளப் அவனுக்காக ஒரு விடைபெறும் ஆட்டம் வைத்தது. ஒன்பதாயிரம் பேர் வந்தார்கள். யோர்னும் வருகிறான் என்று சுவரொட்டியில் போட்டிருந்தார்கள், அவன் பெயர் எழுத்து கொஞ்சம் பெரிது. யோர்ன் அப்போது ஆட்டத்தை விட்டுத் தொலைக்காட்சியில் ஆட்டங்களைப் பற்றிப் பேசுபவனாகியிருந்தான். மைதானத்துக்குள் நுழைந்ததும் கூட்டம் அவன் பெயரைப் பாடியது. பூங்கொத்தோடு நின்ற அன்ஸ்கர், இன்று ஒரு நாளாவது, என்று பல்லைக் கடித்தான்.

ஆட்டம் முடிந்து கிளப் கூடத்தில் சாப்பாடு. உருளைக்கிழங்கு சாலட், வேகவைத்த சாசேஜ், பீப்பாயில் பீர். ஜன்னல் வழியே சாயங்கால வெயில் வந்துகொண்டிருந்தது. யோர்ன் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். அன்ஸ்கர் ஏழு வருடமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்ததை அப்போது சொன்னான்.

"அந்தக் கோப்பை ஆட்டம். உன் முட்டியப் பத்தி நான்தான் சொன்னேன். கூட்டத்துல, எல்லாருக்கும் முன்னாடி."

யோர்ன் முள்கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "இடது பக்கம் திருப்புங்கன்னா?"

"ஆமா."

"அதுக்கா இவ்ளோ நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தே? அந்த சீசன்ல எல்லா டீமும் அதத்தான்டா பண்ணுச்சு. வீடியோ போட்டுப் பாத்துக் கண்டுபிடிச்சிட்டானுங்க. நான்தான் யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சிட்டிருந்தேன். உங்க ஆட்டத்துக்கு முந்தின சனிக்கிழமைகூட ஒருத்தன் என்ன இடது பக்கமே தள்ளிட்டிருந்தான். எப்படியும் அறுந்திருக்கும்னு டாக்டரே சொன்னாரு."

அன்ஸ்கருக்குப் பாரம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. வாழ்க்கையில் அவன் செய்த ஒரே பெரிய காரியம், நல்லதோ கெட்டதோ, ஊரே செய்த காரியமாக ஆகிவிட்டது. வாங்கிய அந்த ஒரே ஒன்றும் இப்போது மூன்றாகிவிட்டது போலிருந்தது.

யோர்ன் சாசேஜை வெட்டினான், தின்னவில்லை. அவன் முகத்திலிருந்த சிரிப்பு மெல்லப் போனது.

"ஆனா நீ சொன்னேன்னு எனக்குத் தெரியாது," என்றான். "முட்டிக்கு நீ காரணமில்ல. அது வேற. அன்னைக்கு உன்கிட்ட மட்டுந்தான் சொன்னேன்."

"எனக்கு உன்மேல பொறாமைடா," என்றான் அன்ஸ்கர். "பத்தொம்பது வயசுலேர்ந்து. நீ கீழ விழுந்தப்ப ஒரு நொடி சந்தோஷமா இருந்துச்சு."

யோர்ன் கத்தியைத் தட்டில் வைத்தான். "பொறாமைன்னு தெரியும். உங்கம்மா சொல்லிருக்காங்க. சந்தோஷம் தெரியாது." எழுந்தான். தட்டை அங்கேயே விட்டுவிட்டுப் போய் வால்ட்ரௌடின் பக்கத்தில் உட்கார்ந்தான். கிளம்பும்போது அன்ஸ்கருக்குக் கை கொடுத்தான், ஆனால் கட்டிப் பிடிக்கவில்லை.

அதற்கடுத்த இரண்டு வருடம் பிறந்தநாளுக்கு போன் வரவில்லை. வால்ட்ரௌடுக்கு மட்டும் விலாங்கு மீன் தவறாமல் வந்தது. அன்ஸ்கர் டிரைவிங் ஸ்கூலில் வேலைக்குச் சேர்ந்தான். நல்ல வாத்தியார் என்று பெயர்; பக்கத்தில் உட்கார்ந்து ஆபத்தை முன்கூட்டியே பார்ப்பது அவனுக்குக் கைவந்த வேலை. போன் வராத பிறந்தநாட்களில், வந்தபோது எரிந்ததைவிட அதிகமாக எரிந்தது. இதைக் கெஸீனாவிடம்கூட அவன் சொல்லவில்லை.

மூன்றாவது வருடம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அன்ஸ்கரும் மனைவியும் தொலைக்காட்சியில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கெஸீனா சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பேசுபவன் யோர்ன். திரையில் ஓர் ஆறாம் எண் பந்தைப் பிடுங்கி முன்னால் தள்ளினான். யோர்னின் குரல் சொன்னது: "இவனப் பாருங்க. யாரும் கவனிக்க மாட்டாங்க. என்கூட இப்படி ஒருத்தன் ஆடினான். பந்து என் காலுக்கு வந்தப்புறந்தான், அவன் பிடுங்கிட்டான்னே எனக்குத் தெரியும். அந்த மாதிரி ஆளு எனக்கு அப்புறம் கெடைக்கவே இல்ல."

கெஸீனா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அன்ஸ்கர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பேரச் சொல்லிருக்கலாம்," என்றான்.

"போன் பண்ணிக் கேளேன்."

ஆட்டம் முடிந்து ஒரு மணி நேரம் கழித்து அவன் போன் செய்தான். இரண்டாவது மணியிலேயே யோர்ன் எடுத்தான்.

"பேரச் சொல்லல நீ," என்றான் அன்ஸ்கர்.

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு, பெட்டிக்கடைப் பின்கட்டில் கேட்ட பழைய சிரிப்பில் பாதி. "சொல்லிருந்தா என்ன பண்ணிருப்பே?"

அன்ஸ்கர் யோசித்தான். "ஏன் இவ்ளோ லேட்டா சொன்னேன்னு கேட்டிருப்பேன்."

"அதான் சொல்லல," என்றான் யோர்ன். "முதுகு எப்படி இருக்கு?"